கேட்டுக்கு உள்ளே நின்றபடி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 61 வயது. மதுரைக்குப் பக்கத்தில் வீடு. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு (54) வலது மார்பில் புற்றுநோய். ஆபரேஷனில் மார்பையும் அக்குள் நெறிகட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. 21 நாளுக்கு ஒன்றாக 8 கீமோ சொல்லியிருக்கிறார்கள், 3 முடிந்தது. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சொந்தபந்தத்தில்தான்.

முதல் கீமோ முடிந்த 9ஆம் நாள் என் தங்கை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே "இப்படி ஆகிப்போச்சே மதினி" என்று ஒப்பாரி. உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து அழுகிற அழுகையா அது? கூட வந்த ஒருவர், முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்றார். எதிர்வீட்டு அம்மா "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறார். மச்சினன் வீட்டிலோ ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதையாவது நாங்கள் விட்டிருப்போமா? வராதவர்கள் அப்படி, வந்தவர்கள் இப்படி.

அன்றைக்கே கேட்டைப் பூட்டிவிட்டேன். அவள் போனை நான் வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர்களுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அளவு கொடுக்க வருகிற பெண்களையும் வரவேண்டாம் என்று சொல்லி, மிஷினைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வெள்ளையணு குறையும், கூட்டம் கூடாது என்று டாக்டரும் சொன்னார். சமையல், மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் நான்தான். மகன் வெளிநாட்டில். நான் ஒருவன் இருக்கும்போது அவளுக்கு வேறு யார் வேண்டும்? இவ்வளவு பார்த்தும், போன வாரம் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தால், கேட்டுக்கு உள்ளே நின்றபடி பூக்கார அம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேரமாம். காய்ச்சல் வந்தால் யார் அலைவது என்று சத்தம் போட்டுவிட்டேன். என்னிடம் "ம்", "சரி" தவிர வாய் திறப்பதில்லை. அது மருந்து அசதி, விடுங்கள்.

தீபாவளிக்கு வருகிறேன் என்கிறாள் தங்கை. மனம் நோகாமல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மச்சினன் வீட்டு உறவு இனி எங்களுக்குத் தேவைதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

தங்கையும் மச்சினனும் சற்றுப் பொறுக்கட்டும். நீங்கள் "விடுங்கள்" என்று தள்ளிவிட்டுப் போன இடத்தை என்னால் விட முடியவில்லை. 3 கீமோ முடிந்த ஒரு பெண் ஒரு மணி நேரம் நின்று, சிரித்துப் பேசியிருக்கிறார். உங்களிடம் மட்டும் "ம்", "சரி". கீமோவின் அசதி உண்மையானது, தூங்கி எழுந்தாலும் தீராதது. ஆனால் பூக்காரரைக் கண்டால் எழுந்து போய், உங்களைக் கண்டால் வந்து உட்காருகிற அசதி கிடையாது. உங்களை அரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல வாய் வராமல்தான் தங்கையைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

பூட்டியது, போனை வாங்கி வைத்தது, சத்தம் போட்டது என்று நீங்கள் செய்ததெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. தங்கையின் அழுகை அவரை நோகடித்ததா? அல்லது தனக்காக ஒருத்தி வாய்விட்டு அழுதாளே என்று நெஞ்சு லேசானதா? கேட்டீர்களா? எல்லாவற்றையும் தனியாளாகத் தாங்கிவிட வேண்டும் என்கிற உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் கேட்டைப் பூட்டியது தப்பு ஐயா. போனை வாங்கி வைத்தது அதைவிடத் தப்பு.

பூக்கார அம்மாவுக்கு உங்கள் மனைவி முழம் போட்டு வாங்குகிற, விலை பேசுகிற, ஊர்க்கதை கேட்கிற ஒரு பெண். வீட்டுக்குள் அவர் நாள் முழுக்க நோயாளி. மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா, உடம்பு சுடுகிறதா? பாசத்தில் கேட்பவைதான். ஆனால் அவற்றுக்கு "ம்", "சரி" தவிர வேறென்ன பதில் சொல்ல முடியும்? கழுத்தை எப்படி வெட்டலாம், கை எத்தனை இஞ்ச் வைக்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்டு வந்த பெண்கள் இருந்தார்கள். இன்று அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மார்பு நோயால் போயிற்று, முடி மருந்தால் போயிற்று. அந்த இடத்தை எடுத்தது நீங்கள்.

நாலு பேர் வந்து பேசினால் புற்றுநோய் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயோடு இருந்த 235 பெண்களைக் கொண்டு கனடாவில் நடந்த ஆய்வு 2001இல் வந்தது. வாரந்தோறும் குழுவாக உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் தணிந்தன, அதிக வேதனையோடு வந்தவர்களுக்கு முக்கியமாக. அமெரிக்கச் செவிலியர்களில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு 2006இல் வெளியானது. அதில், உறவும் நட்பும் நிறைந்திருந்தவர்களைவிட, யாரோடும் ஒட்டாமல் தனித்திருந்தவர்கள் இறக்கும் அபாயம் 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. வேளைக்கு வந்து கவனிக்க ஆள் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உங்களுக்கே நாளை காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், ராத்திரி 2 மணிக்கு அவரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்? ஒன்றரை மாதமாகப் பூட்டிய கேட்டை யார் வந்து தட்டுவார்கள்?

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். கீமோ ஏறிய நாளிலிருந்து எண்ணுங்கள். ஏறத்தாழ 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளையணு மிகவும் இறங்கியிருக்கும். பிறகு ஏறும், அது மீளத்தான் 21 நாள் இடைவெளி. தங்கை வேன் நிறைய ஆளோடு வந்தது 9ஆம் நாள். அன்று உங்களுக்கு வந்த கோபம் நியாயம். அதற்காக மற்ற நாட்களையும் பூட்ட வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, 15 முதல் 20ஆம் நாள் வரை ஆட்கள் வரலாம் என்று காலண்டரில் குறியுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர், அரை மணி நேரம், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. சளி, இருமல், அம்மை உள்ள வீட்டிலிருந்து யாரும் வேண்டாம். வெளிக்காற்றில் நின்று பேசுவது மூடிய அறையில் பேசுவதைவிடப் பாதுகாப்பானது. வெள்ளையணு இறங்கிய நாட்களில் வருகிற தொற்றில் பெரும்பகுதி நோயாளியின் சொந்தக் குடல், வாய், தோலில் உள்ள கிருமிகளால் வருவது. அதற்குப் பூட்டு உதவாது, தெர்மாமீட்டர் உதவும். 100.4 டிகிரி காட்டினால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்; பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மிஷின் மேல் இருக்கிற போர்வையை எடுத்துவிடுங்கள். நெறிகட்டி எடுத்த கையில் ஊசி குத்தினால் தொற்று ஏறி வீக்கம் வரலாம், அதனால் இப்போது அவர் தைக்க வேண்டாம். ஆனால் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி துணியோடு வந்து, எப்படி வெட்டுவது என்று கேட்டுப்போகலாமே.

தங்கை வரலாமா என்று மனைவியைக் கேளுங்கள். வரட்டும் என்றால், கீமோ நாட்களை எண்ணிப் பார்த்து வரச்சொல்லுங்கள். ஸ்டேஜ் கேட்பதும் கஷாயம் சொல்வதும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அழுதால் அழட்டும். மச்சினன் விஷயம் உங்களுடையது அல்ல, உங்கள் மனைவியின் கூடப்பிறந்தவர். போனை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், அவரே பேசிக்கொள்வார். நீங்களும் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரையாவது கூப்பிட்டு, பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நாளை பூக்கார அம்மா வருகிற நேரத்துக்குப் பூட்டைத் திறந்து வைத்து, நிழலில் இரண்டு நாற்காலி போடுங்கள். அந்த உடம்போடு அவர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேச வேண்டாம்.