வணக்கத்தை எடுத்துவிட்டு பீரங்கிக் குண்டில் தொடங்குங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ‘கடலூரைச் சுற்றி ஒரே நாளில் பார்க்க 7 இடங்கள்’ என்று 9 நிமிட வீடியோ போட்டேன். 30 விநாடி தாண்டுவதற்குள் நூற்றுக்கு 60 பேர் போய்விடுகிறார்கள். தொடக்கத்தை எப்படி எழுதுவது? மாதம் 8,000 ரூபாய் கொடுத்தால் 100 ‘ஹூக்’ வரிகளும் (பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் தொடக்க வரிகள்) வியூஸும் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் தொடக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய வீடியோவில் வணக்கமும் சேனல் பெயரும் 8 விநாடி. கடலூர் அழகான கடலோர மாவட்டம் என்று கொஞ்ச நேரம். பிறகு சப்ஸ்கிரைப், பெல் பட்டன். ‘வாங்க, வீடியோவுக்குள்ள போகலாம்’ என்று நீங்கள் கூப்பிடும்போது 34 விநாடி ஓடிவிட்டது. போனவர்கள் உங்கள் முதல் இடத்தைக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார்கள், அம்மா. ஏழு இடத்துக்கும் வெயிலில் அலைந்து எடுத்த படம் அத்தனையும் வீணாகிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

தலைப்பைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் உள்ளே வருகிறார். கடலூர், 7 இடம், ஒரு நாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாகிவிட்டது. அவர் மனதில் ஓடுவது இரண்டு கேள்விகள். ஒரே நாளில் உண்மையிலேயே முடியுமா? எனக்குத் தெரியாத எதையாவது இவர் காட்டுவாரா? முதல் வரியிலேயே இதில் ஒன்றைத் தொட்டுவிட வேண்டும்.

உங்களிடம் சரக்கு இல்லாமல் இல்லை. 4ஆவது நிமிடத்தில் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை ‘ஆங்கிலேயர் காலத்துக் கோட்டை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது போட்ட ஒப்பந்தம் என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது, குண்டு எட்டும் தூரத்துக்குள் இருக்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கு. அப்படிப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இதை வைத்துக்கொண்டு வெளியே போய் ஹூக் வாங்க வேண்டுமா?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘1690ல இந்தக் கோட்டையிலேர்ந்து பீரங்கியைச் சுட்டாங்க. குண்டு எட்டின தூரம் வரைக்கும் இருந்த ஊரெல்லாம் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. காலையில பிச்சாவரத்துல படகு, மத்தியானம் வடலூர் தருமச்சாலையில சாப்பாடு, வெயில் தாழ இந்தக் கோட்டைப் பக்கம். இந்த வரிசையில போனா 7 இடமும் ஒரே நாள்ல முடியும்.’

சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள், 20 விநாடிக்குள் முடிந்துவிடும். முதல் பாதி ஒரு காட்சி, பின்பாதி அவருடைய சந்தேகத்துக்குப் பதில். உடனே முதல் இடத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் பெயர் திரையின் மூலையில் எழுத்தாக வந்தால் போதும். பீரங்கி என்று சொல்லும்போது படத்தில் கோட்டைச் சுவர் தெரிய வேண்டும். அங்கே கடற்கரை டிரோன் காட்சியைப் போட்டால் சொல் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகப் போகும்.

வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பையும் தொடக்கத்தில் சேர்க்க ஆசை வரும். வேண்டாம், அதை அதனுடைய இடத்தில் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு ஒரு சங்கதி போதும். ‘கடைசி இடத்தைப் பார்த்தா அசந்துடுவீங்க’ என்பதும் வேண்டாம். பார்ப்பவர் விரலால் கடைசிக்கு இழுத்துவிடுவார், நடுவில் உள்ள ஆறு இடமும் போச்சு.

இப்போது அந்த 8,000 ரூபாய்க்காரர். அவர் தரும் 100 வரியும் ‘இது தெரியாம போகாதீங்க’ வகைதான். எந்த ஊருக்கும் பொருந்துகிற வரி, உங்கள் ஊரைப் பற்றி எதையும் சொல்லாது. வியூஸ் வாங்குவது யூடியூப் விதிப்படி தடை, சேனலே போகலாம். போகாவிட்டாலும் வாங்கிய வியூஸ் உட்கார்ந்து பார்க்காது, உங்கள் 30 விநாடிக் கணக்கு இன்னும் கீழே இறங்கும். முதலியார்பேட்டையில் சமையல் வீடியோ போடும் ஒருவர் இப்படி ஒரு ஏஜென்ட்டிடம் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்தார். மூன்று வருட உழைப்பு, ஒரே ராத்திரியில் சேனல் பெயரே மாறிப்போனது. எடிட்டருக்கு வேலை கொடுப்பதென்றால் யூடியூப் ஸ்டுடியோவின் செட்டிங்ஸில் ‘பெர்மிஷன்ஸ்’ பகுதியில் அவருடைய மெயிலைச் சேருங்கள். பாஸ்வேர்டை யாரும் கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு யூடியூப் போன்ற தளங்களும் ஒரு காரணம். எத்தனை பேர் போனார்கள் என்று வளைகோடு வரைந்து காட்டுகிறார்கள், ஏன் போனார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பயந்துபோனவர் ஏஜென்ட்டிடம்தான் ஓடுவார். அந்த வளைகோட்டை நீங்களே படிக்கலாம்: முதல் சில விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால் தலைப்பு ஒன்று, உள்ளே வேறொன்று. சரிவாக இறங்கிக்கொண்டே போனால் பேச்சு நீளம். உங்களுடையது இரண்டாவது வகை.

ஒரு வகை வீடியோவுக்கு மட்டும் இந்தப் பேச்சே பொருந்தாது. நம் ஊரில் அது அடிக்கடி தேவைப்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் நம் கரையில்தான் ஏறின. ‘புயலுக்கு முன் செய்ய வேண்டிய 5’ என்று நீங்களும் ஒருநாள் வீடியோ போடுவீர்கள். அதில் காட்சி, கதை, மர்மம் எதுவும் கூடாது. எது மிக முக்கியமோ அதுதான் முதல் வரி. 5, 4, 3 என்று இறங்கிவரக் கூடாது, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாமல் பார்ப்பவருக்கு முதலாவது கிடைக்காமலே போகும். முதல் விநாடியிலேயே தேதியையும் நேரத்தையும் திரையில் போடுங்கள். பழைய வீடியோ அடுத்த புயலுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று சனங்கள் குழம்புவார்கள். தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், வேறொரு ஊரின் வெள்ளத்தை வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இல்லாததைத் தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொல்லி இழுக்கும் வீடியோக்களை, முக்கியமாகச் செய்தி சார்ந்தவற்றை, இந்தியாவில் நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் யூடியூப்பே அறிவித்தது. அறிவிக்காவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது, தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர் அதை நம்பிப் படகை இழுப்பார்.

போட்ட வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம், வந்த வியூஸும் கமெண்ட்டும் போய்விடும். ஸ்டுடியோவின் எடிட்டரில் ‘டிரிம்’ இருக்கிறது. முதல் 34 விநாடியை வெட்டிச் சேமியுங்கள், லிங்க் மாறாது. அதில் புதிய காட்சி சேர்க்க முடியாது, அதனால் பீரங்கித் தொடக்கத்தை அடுத்த வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த 30 விநாடிக் கணக்கை மறுபடி எடுத்து எனக்கு எழுதுங்கள்.