வளர்ந்த சிப்பிப்பாறை இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வயதுச் சிப்பிப்பாறை நாய் இருக்கும் வீட்டுக்கு, தெருவில் தனியாகக் கிடந்த இரண்டு மாதப் பூனைக்குட்டியைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். குட்டி இருக்கும் அறையின் கதவருகே நாய் முனகிக்கொண்டு நிற்பதாகவும், இரண்டும் ஒரே வீட்டில் வாழ வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறையும் இரண்டு நாட்டுப் பூனைகளும் சேர்ந்து வாழ்கின்றன. அவற்றைப் பழக்கியதில் கண்டதையும், எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூனை குறுக்கே போகும்போது நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளுமானால், அதுவே நாம் அடைய வேண்டிய நிலை.

இதில் பெரும்பகுதி வேலை நாயோடுதான். சிப்பிப்பாறையும் கன்னி என்ற நாயினமும் தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். சிறிய உயிர் ஒன்று திடீரென்று ஓடினால், கோபமோ பொறாமையோ இல்லாமலேயே அந்த நாயின் உடல் துரத்தத் தயாராகிவிடும். அதனால்தான் குரைக்கும் நாயைவிடச் சத்தமே இல்லாமல் நிற்கும் நாயைக் கண்டு நான் அதிகம் கவலைப்படுவேன். வாய் மூடியிருக்கும், கழுத்து முன்னால் நீண்டிருக்கும், ஒரு முன்னங்கால் லேசாகத் தூக்கியிருக்கும், பெயரைச் சொல்லி அழைத்தால் காதுகூட அசையாது, மூக்கருகே கோழித்துண்டைக் காட்டினாலும் பார்வை விலகாது. இந்த நிலையைக் கண்டால் உடனே நாயை வெளியே கூட்டிப் போய்விடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவுகள் உங்களுக்குப் பயன்படும். பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் வீட்டுக்கு வந்திருந்தால், அதிலும் பூனை முதலில் வந்திருந்தால், உறவு நன்றாக அமையும் வாய்ப்பு அதிகம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உடல்மொழி வேறு. வாலை இப்படியும் அப்படியும் வீசினால் நாயிடம் பெரும்பாலும் அது நட்பு, பூனையிடம் எரிச்சல். இருந்தும் சேர்ந்து வளர்ந்தவை ஒன்றன் சைகையை மற்றொன்று புரிந்துகொள்கின்றன என்பதையும் அந்த ஆய்வில் கண்டார்கள். உங்கள் வீட்டில் குட்டியின் வயது சாதகமாக இருக்கிறது. நாய் முதலில் வந்ததும் அதன் வயதும் சாதகமாக இல்லை. ஆகவே நாள் கணக்கில் முடிந்துவிடும் என்று நினைக்காமல், சில மாதங்கள் ஆகலாம் என்றே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரங்களுக்குக் குட்டியை ஒரு தனி அறையில், கதவை மூடியே வைத்திருங்கள். தெருவிலிருந்து வந்த குட்டி என்பதால் எப்படியும் இது தேவை. தெள்ளுப்பூச்சி, குடற்புழு, படர்தாமரை ஆகியவை பூனையிடமிருந்து நாய்க்கும் வரும். படர்தாமரை உங்களுக்கும் வரும். குட்டியை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்தைக் கொடுத்து, முதல் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரேபிஸ் தடுப்பூசியைப் பொதுவாக மூன்று மாதம் ஆனதும் போடுவார்கள். நாயின் தடுப்பூசிகளும் நாள் தவறாமல் போடப்பட்டிருக்கின்றனவா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். இதற்கிடையில் குட்டி உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் அவை ஒன்றை ஒன்று பார்க்க வேண்டியதில்லை. மோந்து அறிந்துகொண்டால் போதும். ஒரு பழைய பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தையும் தாடையையும் மெதுவாகத் தடவி, அதை நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அதேபோல நாயின் விரிப்பிலிருந்து ஒரு துணியைக் குட்டியின் அறையில் போடுங்கள். பூனை தன் வாசனையைக் கன்னத்தால் உரசித்தான் பொருள்களில் விட்டுச் செல்கிறது. அதனால்தான் கன்னத்தைச் சொல்கிறேன். பிறகு இரண்டுக்கும் ஒரே நேரத்தில், மூடிய கதவின் இரு பக்கத்திலும் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். இரண்டும் தயங்காமல் சாப்பிட்டால் மட்டும் அடுத்தடுத்த நாள்களில் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் நாய் தட்டை நக்கி முடித்துவிட்டு, கதவிடுக்கில் மூக்கை வைத்து ஒரு முறை இழுத்து மோந்து பார்த்து, பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்து என் காலருகே படுத்துக்கொள்ளும். அந்தப் பெருமூச்சு வரத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

அடுத்த கட்டம் பார்வை. கம்பி இடைவெளி குறைந்த கிரில் கதவோ, உறுதியான வலைத் தடுப்போ இருந்தால் நல்லது. குட்டியின் தலை நுழையும் இடைவெளி இருக்கவே கூடாது. நாயை நன்றாக நடக்கவிட்டு, ஓடவிட்டு, களைப்பாக்கிய பிறகே கூட்டி வாருங்கள். கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டையில் கயிற்றைக் கட்டுவது நல்லது, ஏனென்றால் கழுத்து இறுகும் வேதனையை நாய் பூனையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும். நாய் குட்டியைப் பார்க்கும். அந்தப் பார்வை உறைவதற்கு முன்பே பெயரைச் சொல்லி அழையுங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியே ஒரு சிறு கோழித்துண்டைக் கொடுங்கள். பூனையைக் கண்டால் எசமானரைப் பார்க்க வேண்டும் என்பது நாய்க்குப் பழக்கமாகும் வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நாயை அடிப்பது, அதட்டுவது இரண்டும் கூடாது. பூனை வந்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், நீங்கள் இல்லாத நேரத்தில் பூனையிடம்தான் அதைக் காட்டும்.

தடுப்பில்லாமல் ஒரே அறையில் விடும்போதும் கயிறு நாயின் மேல் இருக்கட்டும். குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நாயிடம் காட்டுவதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். தப்பிக்க வழியில்லாத பூனை உங்கள் முகத்தையும் கையையும் பிறாண்டும், கடிக்கும். பூனைக்கடி ஆழமாக இறங்கிச் சீக்கிரம் சீழ் பிடிக்கும். குட்டி தானாக வரட்டும், தானாகப் போகட்டும். அது சீறினால் நாய்க்கு எல்லையைச் சொல்கிறது என்று பொருள். அதற்காகக் குட்டியைக் கண்டிக்க வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் உயரத்துக்குத் தாவ முடியாது, சிப்பிப்பாறை ஒரு முறை கவ்வி உதறினாலே அதன் உயிர் போய்விடும். எனவே குட்டி அலமாரி மேல் தானாக ஏறும் அளவுக்கு வளரும் வரை, அதாவது நான்கைந்து மாதம் வரை, கயிறு இல்லாத சந்திப்பே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலும் சில மாற்றங்கள் வேண்டும். பூனைக்கு ஒவ்வொரு அறையிலும் நாய்க்கு எட்டாத ஓர் உயரமான இடம் இருக்க வேண்டும். பரணுக்கு ஏறும் வழியில் இரண்டு பலகைகளைச் சுவரில் அடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பூனையின் சாப்பாட்டையும் மேலேயே வையுங்கள். நாயின் சோற்றைப் பூனைக்குப் பழக்காதீர்கள்: பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து உணவில் கட்டாயம் இருக்க வேண்டும், அது நெடுநாள் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மணல் தட்டை நாய் நுழைய முடியாத இடத்தில் வையுங்கள். மலம் கழிக்கும்போது நாய் வந்து நின்றால், பூனை தட்டையே விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போகத் தொடங்கும்.

இரண்டும் இருக்கும் வீட்டில் நான் மிகவும் அஞ்சுவது ஒரு மருந்தை. நாய்க்கு உண்ணிக்காகப் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் உடல் அதைத் தாங்கும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. மருந்து போட்ட நாயை உரசிப் படுத்தாலோ நக்கினாலோகூடப் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகலாம். மருந்துக் கடையில் வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ள பெயரையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

பழகிவிட்டன என்று தோன்றிய பிறகும், யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டையும் தனித்தனி அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தீபாவளி நாள்களில் வெடிச்சத்தத்தில் இரண்டும் மிரண்டிருக்கும்போதும் அப்படியே. குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, சிறுநீர் கழிக்க முக்கினாலோ, அதைப் பயம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாதக்கணக்கில் முயன்றும் நாயின் பார்வை மாறவில்லை என்றால், மாடியைப் பூனைக்கும் கீழ்த்தளத்தை நாய்க்கும் பிரித்துக்கொடுத்து, நடுவில் ஒரு கதவை எப்போதும் பூட்டியே வைத்து வாழலாம். எங்கள் தெருவில் கோம்பை நாய் வளர்க்கும் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறார்கள். மாடிப் பூனைக்கும் கீழே உள்ள நாய்க்கும் எந்தக் குறையும் இல்லை.