மாம்பழம் யாருக்கு வந்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஏழு பேர் அவ்வப்போது கூடி, சிறு ஆலைகள் காய்ச்சும் புதுப்புது கிராஃப்ட் பீர்களை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிச் சுவைத்துப் பேசுவோம். எங்களில் மூத்தவர் ஒருவர் கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு ‘மாம்பழம், பைன் பிசின்’ என்பார். உடனே எல்லோருக்கும் மாம்பழம் வந்துவிடும். எனக்குக் கசப்பு மட்டும்தான் தெரியும். போன முறை, எனக்கு லாகர் என்கிற மெல்லிய, பொன்னிற பீர்தான் பிடிக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். ‘அது பீரே இல்லை, மஞ்சள் சோடா’ என்றார். கலையும்வரை அதே சண்டைதான். இந்த ருசி வர்ணனையெல்லாம் நிஜமா, பாவனையா? சுவையில் சரி, தவறு என்று ஒன்று உண்டா?

க.

அன்புள்ள க.,

மாம்பழம் பொய்யில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. அதில் சிட்ரா, மொசைக் போன்ற ரகங்களில் பழ வாசனை தரும் பொருட்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், வாசனை பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். நொதிக்கும்போதோ நொதித்து முடிந்த பிறகோ போட்டு ஊறவிட்டால் வாசனை தங்கும். உங்கள் மூத்தவர் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்கும் ‘உடனே’ வந்துவிட்டது என்கிறீர்களே, என் சந்தேகமெல்லாம் அதில்தான்.

லீ, ஃப்ரெடெரிக், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பப்புக்கு வந்தவர்களுக்குச் சாதாரண பீர் ஒரு கோப்பை, அதே பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர் கலந்தது ஒரு கோப்பை. வினிகர் கலந்திருப்பது தெரியாதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வினிகர் பீரைத்தான் விரும்பினார்கள். முன்பே சொல்லிவிட்டுக் கொடுத்தபோது அந்த எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிட்டது. குடித்து முடித்த பிறகு சொன்னால் பெரிய மாற்றமில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடித்தவர்கள் வெட்கப்பட்டு மாற்றிச் சொல்கிறார்கள் என்றால், பிறகு சொன்னாலும் மாற்றியிருக்க வேண்டுமே. முன்கூட்டிக் காதில் விழுந்த செய்தி, குடிக்கிற அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. ஆக, உங்கள் நண்பர்கள் பாவனை செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘மாம்பழம்’ என்று கேட்ட பிறகு அவர்களுக்கு மாம்பழம்தான் வருகிறது. உங்கள் குழுவில் முதலில் பேசுகிறவர் எல்லோருக்கும் சேர்த்துக் குடித்துவிடுகிறார், அவ்வளவுதான்.

மருந்து எளிது. பாட்டிலை மறைத்து ஊற்றுங்கள். ஆளுக்கொரு தாளில், பேசாமல், தோன்றியதை எழுதுங்கள். அப்புறம் வாசித்துச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டை பிரமாதமாக இருக்கும்.

இன்னொரு விளையாட்டும் உண்டு, பீர் ஆலைகளே நடத்துவது. மூன்று கோப்பை. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், உங்கள் ஏழு பேரில் மூன்று பேர் சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. ஐந்து பேராவது சொன்னால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று ஓரளவு நம்பலாம். (சிறு எண்ணிக்கையை வைத்து எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் டி-சோதனையை 1908-ல் தந்த காசெட், கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். புள்ளியியல் மாணவர்கள் பீருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார்கள்.)

உங்களுக்குக் கசப்பு மட்டும் தெரிவதிலும் குறை ஒன்றுமில்லை. மனித நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகை. அவை ஆளுக்கு ஆள் மாறுபடும். மூக்கும் அப்படித்தான். டைஅசிடைல் என்று ஒன்று, வெண்ணெய் வாடை அடிக்கும். சிலர் துளி இருந்தாலே முகம் சுளிப்பார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

லாகர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நான் உங்கள் கட்சி. நொதிக்கும்போது ஈஸ்ட் இந்த டைஅசிடைலை உண்டாக்கும், பொறுமையாக விட்டுவைத்தால் அதுவே திரும்ப உறிஞ்சியும் கொள்ளும். லாகர் 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் மெதுவாக நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டியது. அவசரப்பட்டு இறக்கினால் வெண்ணெய் வாடை அப்படியே நிற்கும். கொதிக்கவிடுவதில் குறை வைத்தால் வேகவைத்த சோள வாடை. ஹாப்ஸ் அள்ளிக் கொட்டிய ஐபிஏ என்ற கசப்பு பீரில் இப்படிப்பட்ட பிழைகள் பாதி அமுங்கிப் போகும். மெல்லிய லாகரில் ஒளிய இடமே இல்லை. 1842-ல், இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில், யோசெஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற லாகரின் வழிவந்ததை ‘பீரே இல்லை’ என்பது ருசி பற்றிய கருத்தல்ல, வீம்பு. ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று அவர் சொல்லலாம். அதற்கு மறுப்பேது?

சரி, தவறு உண்டா என்றால், பாதி உண்டு. வெயில் பட்ட பீரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கந்தக நாற்றம் வரும், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழசாகி ஆக்சிஜன் ஏறினால் ஈர அட்டை வாடை. இவை பிழைகள், விவாதமில்லை. ஆனால் வாழைப்பழமும் கிராம்பும் ஜெர்மனியின் பவேரியக் கோதுமை பீரில் இருந்தே ஆக வேண்டும், பில்சன் வழி லாகரான பில்ஸ்னரில் வந்தால் தப்பு. குதிரை லாயத்தை நினைவூட்டும் ஒரு நெடி லாம்பிக் என்ற பெல்ஜியத்துப் புளிப்பு பீரில் பெருமை, மற்ற பெரும்பாலான இடங்களில் அவமானம். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீரை முதல் மடக்கிலேயே துப்பப் பார்ப்பவர்கள் உண்டு, அங்கே புகைதான் பீரின் உயிர். ஆகவே இந்த பீர் என்னவாக இருக்கப் பார்த்தது என்பதை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அன்று எந்த வரிசையில் ஊற்றினீர்கள்? மூத்தவர் ஐபிஏ-வை முடித்த கையோடு உங்கள் லாகரைக் குடித்தார் என்றால், மஞ்சள் சோடா என்று அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. அந்தக் கசப்புக்குப் பிறகு எந்த லாகரும் அப்படித்தான் இருக்கும். அடுத்த முறை லாகரை முதலில் ஊற்றுங்கள், விறைக்கக் குளிராமல்.