ஆபீஸ்ல கௌபாய் தொப்பியோட வரச் சொல்றாங்க, போடலாமா?

கேள்வி: ஹூஸ்டனுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது சார். ரோடியோன்னு குதிரை, மாடு அடக்கற போட்டித் திருவிழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை "கோ டெக்சன் டே"வாம், ஆபீஸ்ல எல்லாரும் தொப்பி, பூட்ஸோட வருவாங்களாம். நம்ம ஊர்ல படிக்காத பையனை "மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு திட்டுவோம், இங்க மாடு மேய்ச்சவனைத் தலைல தூக்கி வெச்சுக்கறாங்க. ஏன் இப்படி? நான் போட்டா மாறுவேஷம் மாதிரி இருக்காதா? எதை வாங்கறது?

பதில்: போடுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆனா என்னத்தைப் போட்டுக்கறோம்னு தெரிஞ்சு போட்டா நல்லது, அதனால கொஞ்சம் பழங்கதை.

1865ல உள்நாட்டுப் போர் முடிஞ்சப்போ டெக்சாஸ்ல லாங்ஹார்ன்ங்கற நீளக் கொம்பு மாடுங்க லட்சக்கணக்குல சும்மா திரிஞ்சுது, இங்க ஒரு மாடு 4 டாலருக்குப் போனா வடக்க அதுவே 40 டாலர், ஆனா ரயில் கான்சாஸ் வரைக்கும்தான் வந்திருந்துச்சு, அதனால ரெண்டாயிரம் மூவாயிரம் உருப்படியை பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து ரெண்டு மூணு மாசம் நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. ஒரு நாளைக்கு 10, 15 மைல்தான், அதுக்கு மேல விரட்டினா மாடு இளைச்சுடும், விலை போகாது. சின்னப் பசங்க, சம்பளம் மாசம் 30, 40 டாலர். புதுசா சேர்ந்தவன் மந்தைக்குக் கடைசில வரணும், நாள் பூரா முன்னாடி போற மாட்டோட புழுதியைத் தின்னுக்கிட்டே. கழுத்துல கட்டற அந்தத் துணி ஸ்டைலுக்கு வந்ததில்ல, மூக்கை மூடிக்க வந்தது. ராத்திரி மந்தையைச் சுத்திக் காவல் வர்றப்போ மாடு மிரளாம இருக்க மெதுவா பாடிக்கிட்டே வருவாங்க.

இதெல்லாம் மொத்தமே இருபது வருஷ சமாச்சாரம்தான். 1874ல முள்ளுக்கம்பிக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க, அப்புறம் திறந்த மேய்ச்சல் நிலம் முழுக்க வேலி வந்துச்சு, ரயிலும் தெற்க வந்துருச்சு, 1886-87 குளிர்ல வடக்க மாடு கொத்துக் கொத்தா செத்துச்சு. அதுக்குள்ள 1883லயே பஃபல்லோ பில்ங்கற ஷோக்காரர் கௌபாயை ஷோவாக்கி ஊர் ஊரா கூட்டிட்டுக் கிளம்பியாச்சு. நாம சினிமால பாத்த துப்பாக்கி ஹீரோ அந்த ஷோவோட பேரன். நிஜத்துல டாட்ஜ் சிட்டி மாதிரி மாட்டுச் சந்தை ஊர்கள்ல எல்லைக்குள்ள துப்பாக்கி எடுத்துட்டுத் திரியவே தடை இருந்துச்சு.

இப்ப உங்க "ஏன்"க்கு வர்றேன். தன் கால்ல நிக்கறவன், யாருக்கும் தலை வணங்காதவன், சொன்ன சொல் மாறாதவன், அமெரிக்கா தன்னைப் பத்தி நினைச்சுக்க ஆசைப்படற எல்லாத்தையும் இந்த ஒரு ஆள் மேல ஏத்தி வெச்சிருக்காங்க. 2010ல வயோமிங் மாநிலம் சட்டம் போட்டே கௌபாய் நெறின்னு பத்து விஷயத்தை ஏத்துக்கிச்சு, அதுல ஒண்ணு குறைவாப் பேசு, நிறையச் சொல்லுங்கறது. எனக்கு அந்த "தனி ஆள்" பகுதில மட்டும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பன்னெண்டு பேர்ல ஒருத்தன் தூங்கினாலும் மந்தை போச்சு, அப்புறம் எங்க தனி ஆளு? 1883ல டெக்சாஸோட வடக்கு முனையான பான்ஹேண்டில்ல கௌபாய்ங்க மாசம் 50 டாலர் கேட்டு ஸ்ட்ரைக்கே பண்ணாங்க (தோத்தாங்க, அது வேற).

எனக்குப் பிடிச்ச ஆளு போஸ் ஐகார்டு. அடிமையாப் பிறந்தவர், போருக்கப்புறம் சார்லஸ் குட்நைட்ங்கற மாட்டுப் பண்ணைக்காரர்கிட்ட மாடு ஓட்டினார். மாடு வித்த காசைக் குட்நைட் இவர்கிட்டதான் குடுத்து வெப்பாராம், ஒரு கறுப்பர்கிட்ட அவ்வளவு பணம் இருக்கும்னு எந்தத் திருடனும் யோசிக்க மாட்டான்னு. 1929ல ஐகார்டு இறந்தப்புறம் டெக்சாஸ்ல இருக்கற வெதர்ஃபோர்டு ஊர்ல அவருக்குக் கல்லறைக் கல்லு வெச்சதும் குட்நைட்தான். போஸ்டர்ல இருக்கற கௌபாய் எப்பவும் வெள்ளைக்காரன், ஆனா கறுப்பர்கள், மெக்சிகோக்காரங்க நிறையப் பேர் இருந்தாங்க. ரோடியோ, ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), லாரியட் (சுருக்குக் கயிறு) எல்லாமே ஸ்பானிஷ்லேந்து வந்த வார்த்தை, தொழிலே மெக்சிகோக்காரங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். அதனால உங்க நிறத்துக்குத் தொப்பி பொருந்துமான்னு யோசிக்கவே வேணாம்.

என்ன வாங்கறது? முதல்ல பூட்ஸ், காசு அதுல போடுங்க. குதிகால் உயரமா இருக்கறது கால் அங்கவடிக்குள்ள நழுவிப் போயிடாம இருக்க, அடிப்பாகம் வழவழன்னு இருக்கறது குதிரைலேந்து விழுந்தா கால் சட்டுன்னு வெளிய வர. நடக்கறப்போ பூட்ஸுக்குள்ள உங்க குதிகால் லேசா மேல ஏறினா பரவால்ல, ஆனா விரல் நசுங்கக் கூடாது. மேல சாதா ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை போதும். சாப்பாட்டுத் தட்டு சைஸ் பெல்ட் பக்கிள் மட்டும் வேணாம், அது ரோடியோல ஜெயிச்சவனுக்குக் குடுக்கற பரிசு, "எதுல ஜெயிச்சீங்க"ன்னு கேட்டா முழிக்கணும். தொப்பி குளிர்காலத்துக்கு ஃபெல்ட் (அழுத்தின ரோமத் துணி), வெயிலுக்கு வைக்கோல்.

தொப்பிக்கு மரியாதை ஜாஸ்தி. தேசிய கீதத்துக்கும் சாப்பாட்டு மேஜைலயும் கழட்டிடணும், அடுத்தவன் தொப்பியைத் தொடவே கூடாது. நான் வந்த புதுசுல ஒரு பார்பக்யூ கடைல தொப்பியை விளிம்பு கீழ படற மாதிரி மேஜைல வெச்சேன், பக்கத்து டேபிள் தாத்தா எழுந்து வந்தார், ஒரு வார்த்தை பேசாம திருப்பி உச்சி கீழ இருக்கற மாதிரி வெச்சுட்டுப் போய் உக்காந்துட்டார். கவுத்து வெச்சா அதிர்ஷ்டம் கொட்டிடுமாம், விளிம்பும் வளைஞ்சு போகுமாம்.

கோ டெக்சன் டேக்கு மறுநாள் சனிக்கிழமை டவுன்டவுன்ல ஊர்வலம் இருக்கும், பல ஊர்கள்லேந்து நாள்கணக்கா குதிரைலயும் வண்டிலயும் வர்றவங்க அதுல வருவாங்க, கறுப்பர்கள் 1957லேந்து நடத்தற ப்ரெய்ரி வியூ குதிரைப் பயணக் குழுவும் வரும். குடும்பத்தோட போங்க. ரோடெல்லாம் குதிரைச் சாணியா இருக்கும், புது பூட்ஸை அன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.