‘லிசா’ என்பவர் யார்? வீட்டுக்காரரின் குறுஞ்செய்திக்கு விளக்கம்

வணக்கம். மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜெலுத்தோங்கில் அறை பார்க்கவிருந்த உங்களுக்கு, மலாய்க்கார வீட்டுக்காரர் ரோமன் எழுத்தில் அனுப்பிய (air, xdak, jgn, mai, lisa என்னும் சொற்கள் கொண்ட) செய்தியை, “ஏர்கண்டிஷன் இல்லை, மே மாதம் வாருங்கள், லிசாவிடம் கேளுங்கள்” என்று நீங்கள் புரிந்துகொண்டது இயல்பே. ஆனால் அவர் சொல்வது வேறு.

ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்துச் சொல்லை மலாயில் ‘ஆயேர்’ என்று படிக்க வேண்டும். அதன் பொருள் தண்ணீர். அடுத்துள்ள எக்ஸ் எழுத்து ‘தாக்’ என்னும் எதிர்மறைச் சொல்லுக்கான சுருக்கம் என்பதால், ‘எக்ஸ்டாக்’ என்பது பினாங்கு வழக்கான ‘தாக்டாக்’, அதாவது ‘இல்லை’. கோலாலம்பூரிலிருந்து இங்கு குடிவந்த புதிதில் என்னையும் குழப்பிய சொல் இது. ஒரு செய்திக்கு 160 எழுத்துகளே என்றிருந்த எஸ்எம்எஸ் காலத்திலேயே இத்தகைய சுருக்கங்கள் பெரிதும் புழங்கின. உயிரெழுத்துகளை விட்டுவிடுவதும் அவ்வாறே, ஆகவே ‘ஜேஜிஎன்’ என்பது ‘ஜாங்ஙான்’, அதாவது ‘வேண்டாம்’. ‘மாய்’ என்பது மாதமன்று. ‘வா’ என்பதற்கான மலேசிய வடமாநிலங்களின் வழக்கு.

லிசா என்று ஒருவரும் இருக்க வாய்ப்பில்லை. விசைப்பலகையில் யூ, ஐ என்னும் எழுத்துகள் அடுத்தடுத்து இருப்பதால், ‘லூசா’ (நாளை மறுநாள்) என்று தட்ட நினைத்தவரின் விரல் தவறியிருக்கிறது.

ஆக, “தண்ணீர் இல்லை, நாளை வர வேண்டாம், நாளை மறுநாள்தான் சரிவரும்” என்பதே செய்தி. இது என் ஊகம் கலந்த வாசிப்பு என்பதால், தேதியைக் குறிப்பிட்டு அவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.