பெயரே தெரியாத சின்ன அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெரிய ஆளானவர்கள் உண்டா?

கேட்டவர் எழுதியிருப்பதைப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலோ “அங்கே படிச்சு யார் பெரிய ஆளானாங்க, ஒரு பேர் சொல்லு பார்ப்போம்” என்று கேட்கிறார்கள். இதே கேள்வியை என் வீட்டு முற்றத்தில் வைத்து என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான்கு பெயர்கள். லாங்ஸ்டன் ஹியூஸ், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களில் முன்வரிசைக்காரர். துர்குட் மார்ஷல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. நம்டி அசிகிவே, நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர். குவாமே என்க்ருமா, கானாவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர். இந்த நான்கு பேரும் ஒரே இடத்தில் படித்தவர்கள். ஹியூஸ் 1929-ல் பட்டம் வாங்கினார், மார்ஷலும் அசிகிவேயும் 1930-ல், என்க்ருமா 1939-ல். அந்த இடத்தின் பெயர் லிங்கன் பல்கலைக்கழகம். பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. இன்றைக்கும் அங்கே படிப்பவர்கள் இரண்டாயிரம் பேர் அளவுதான். நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் அதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள்.

நான் லிங்கனில் படித்தவன் இல்லை. நான் எம்.எஸ். முடித்தது நடு அமெரிக்காவில் வேறொரு சின்னப் பல்கலைக்கழகத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம். வகுப்பில் பதினான்கு பேர். நூலகம் இரண்டே மாடி. பேராசிரியருக்கு என் பெயர் தெரியும், அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததும் தெரியும். நன்றாகத்தான் படித்தேன், வேலையும் கிடைத்தது.

2013-ல் எனக்குக் கல்யாணம். பத்திரிகை சிவகாசியில் அச்சடித்தோம். மாதிரி அட்டை வந்தபோது என் பெயருக்குக் கீழே எம்.எஸ். என்று போட்டு, பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். “இந்தப் பேரு யாருக்குடா தெரியும்? யு.எஸ்.ஏ.ன்னு போட்டா போதும். அங்கே படிச்சு எவன் உருப்பட்டான், ஒரு பேர் சொல்லு” என்றார். சபையில் பத்துப் பேர் இருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அச்சாகி வந்த பத்திரிகையில் யு.எஸ்.ஏ. மட்டும்தான் இருந்தது.

பத்திரிகை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். எங்கள் அம்மா 31 வருடம் அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே பத்திரிகையில் மாமாவுக்கு ‘வட்டாட்சியர் (ஓய்வு)’ என்று இருந்தது, சித்தப்பாவுக்கு ‘மின்வாரியம்’ என்று இருந்தது. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். அம்மாவின் பெயர்கூட இல்லை. அம்மாவிடம் அ, ஆ படித்தவர்கள் அந்தக் கல்யாணத்துக்கு நூறு பேராவது வந்திருப்பார்கள். என் பல்கலைக்கழகப் பெயரை அடித்ததைவிட இதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்போதும் சொந்தத்தில் வருகிற பத்திரிகைகளில் அம்மாமார்களின் வேலையைப் போடுவதே இல்லை. போடச் சொல்லுங்கள்.

சரி, லிங்கனுக்கு வருகிறேன். சில வருடங்கள் கழித்து வேலை மாறி டெலவேர் மாநிலத்துக்கு வந்தேன். அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பெரியவர், கறுப்பினத்தவர், ஓய்வு பெறும் வயது. வெள்ளிக்கிழமைதோறும் ஆரஞ்சும் நீலமும் கலந்த டை கட்டிக்கொண்டு வருவார். அது தன் பல்கலைக்கழகத்தின் நிறம் என்றார். “நான் லிங்கன் ஆள்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நான் கேள்விப்பட்டதில்லையே என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சனிக்கிழமை காரை எடு, காட்டுகிறேன் என்றார்.

ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் கென்னட் ஸ்கொயர் ஊரைத் தாண்டும்போது ஒரு நெடி அடிக்கும். அது காளான் பண்ணை உரத்தின் நெடி. அமெரிக்காவின் காளானில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் விளைகிறது. அப்புறம் சோளக்காடு, புல்வெளி. நுழையும் இடத்தில் ஒரு கல் வளைவு நிற்கிறது. முதல் உலகப்போருக்குப் போன லிங்கன் மாணவர்களுக்காகக் கட்டியது. 1921 ஜூனில் அமெரிக்க அதிபர் ஹார்டிங் நேரில் வந்து அதைத் திறந்து வைத்திருக்கிறார். அதற்குச் சில நாள் முன்புதான் டல்சா நகரத்தில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் குடியிருப்பையே எரித்துச் சாம்பலாக்கியிருந்தது. இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று அதிபர் அங்கே நின்றுதான் பேசினாராம். பெரியவர் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார்.

இந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதையைக் கேளுங்கள். அந்தப் பகுதியில் ஹின்சன்வில் என்று, அடிமைகளாக இல்லாத கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே ஜேம்ஸ் ரால்ஸ்டன் ஆமோஸ் என்ற இளைஞருக்குப் போதகர் ஆக ஆசை. ஜான் மில்லர் டிக்கி என்ற வெள்ளைக்காரப் போதகர் அவரை எங்காவது சேர்த்துவிடப் பார்த்தார். எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் டிக்கியும் அவர் மனைவியும் சேர்ந்து 1854-ல் தாங்களே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது ஆஷ்மன் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட மறு வருடம், 1866-ல், அவர் பெயரை வைத்தார்கள். ஆக, இடம் கிடைக்காத ஒருவருக்காகக் கட்டிய இடம் அது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த நான்கு பெயர்களின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஹியூஸ் முதலில் 1921-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்தார். எவ்வளவு பெரிய பெயர்! ஒரு வருடத்தில் விட்டுவிட்டார். கப்பலில் வேலை பார்த்தார், பாரிஸில் பாத்திரம் கழுவினார், வாஷிங்டன் ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்தார். 1926-ல் லிங்கனுக்கு வந்தபோது முதல் கவிதைத் தொகுப்பே வெளிவந்துவிட்டது. பட்டம் வாங்கியது இங்கேதான். படிக்கும்போது அவர் சும்மா இருக்கவில்லை. மாணவர்கள் எல்லாரும் கறுப்பர், பேராசிரியர்கள் எல்லாரும் வெள்ளையர்; இது சரியா என்று கடைசி வருடத்தில் மாணவர்களிடமே கருத்துக் கேட்டார். பாதிக்கு மேல் ‘இப்படியே இருக்கட்டும்’ என்றார்கள். அதை மறைக்காமல் வெளியே சொன்னார்.

மார்ஷல் அப்போது உடன் படித்தவர், கலாட்டாவுக்குப் பேர்போனவர். அதற்காகக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பப்பட்டதும் உண்டு. பக்கத்தில் ஆக்ஸ்ஃபர்டு என்று ஒரு சின்ன டவுன், இங்கிலாந்து ஆக்ஸ்ஃபர்டு இல்லை. அங்கே சினிமா கொட்டகையில் கறுப்பர்கள் மாடியில்தான் உட்கார வேண்டும். ஒரு நாள் மார்ஷலும் நண்பர்களும் கீழே போய் உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்கச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பிறகு சட்டம் படிக்க நினைத்தார். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பர்களைச் சேர்க்காது. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார் (ஹார்வர்டு இல்லை); அந்தக் கட்டணத்துக்கு அவர் அம்மா கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். அந்த அம்மாவும் பள்ளி ஆசிரியைதான். மகன் 1933-ல் வகுப்பில் முதலாவதாக வந்தார், இரண்டே வருடத்தில் அதே மேரிலாந்து சட்டக் கல்லூரி மேல் வழக்குப் போட்டு ஒரு கறுப்பின மாணவரை உள்ளே சேர்க்க வைத்தார். 1954-ல் பள்ளிகளில் நிறத்தைப் பார்த்துப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர் வாதாடிய வழக்கில்தான். 1967-ல் அதே மன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார்.

என்க்ருமா கதைதான் நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. 1935-ல் அமெரிக்கா வந்தவரிடம் காசு இல்லை. விடுமுறையில் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் மீன் விற்றார். சோப்புத் தொழிற்சாலையில் அழுகிய குடலும் கொழுப்பும் அள்ளிப் போட்டார். கப்பலில் பாத்திரம் கழுவினார். தங்க இடம் இல்லாமல் சுரங்க ரயிலிலேயே போய்வந்து தூங்கிய இரவுகள் உண்டு. அவரைப் படிக்க வரத் தூண்டியவர்களில் ஒருவர் அசிகிவே, லிங்கனில் அவருக்கு மூத்தவர். பின்னாளில் என்க்ருமா ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார், 1966-ல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. இது எனக்கும் தெரியும், யாரும் கீழே வந்து நினைவூட்ட வேண்டாம். 1957 மார்ச் 6-ல் அவர் நாட்டுக்கு வாங்கிக் கொடுத்த விடுதலையை அது அழித்துவிடாது.

இன்னும் ஒருவரையும் சொல்ல வேண்டும். லிங்கன் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1952-ல்தான். 1971-ல் பட்டம் வாங்கிய லில்லியன் ஃபிஷ்பர்ன், 1998-ல் அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் என்ற உயர் அதிகாரி ஆனார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். 1946 மே மாதம் ஐன்ஸ்டீன் அங்கே வந்து கரும்பலகையில் சார்பியல் பாடம் நடத்தியதைப் பெரியவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ஐன்ஸ்டீன் அங்கே படித்தவர் இல்லை, ஆனால் நிறவெறி வெள்ளையர்களின் நோய், அதைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன் என்று அன்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாச் சின்னப் பல்கலைக்கழகமும் லிங்கன் ஆகிவிடுமா என்று சிலர் கேட்பீர்கள். ஆகாது. அந்த மாணவர்களுக்குப் பெரிய இடங்களின் கதவு மூடியிருந்தது, அதனால் இங்கே வந்தார்கள். நமக்கு அந்தக் கொடுமை இல்லை. அவர்களுடைய வரலாற்றை எடுத்து நம் விசா கவலைக்கு மருந்தாகப் பூசிக்கொள்ளச் சொல்லவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களைக் குறைத்தும் பேசவில்லை. ‘பேர் தெரியாத இடம்’ என்று நம் வீட்டில் சொல்வது, நமக்குப் பேர் தெரியாத இடம் என்பதைத்தான். அதைத்தான் சொல்ல வந்தேன். கானாவிலும் நைஜீரியாவிலும் அந்தப் பெயர் தெரியும்.

உங்கள் விஷயத்தில், பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா, உங்கள் துறையில் எத்தனை பேராசிரியர்கள், கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை நேரடியாகத் துறைக்கே எழுதிக் கேளுங்கள். சின்ன இடங்களில் பெரும்பாலும் மனிதர்களே பதில் எழுதுவார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. இடையில் ஏஜெண்டை வைக்காதீர்கள். சேர்ந்தது பென்சில்வேனியா பக்கம் என்றால் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், அந்த வளைவைக் காட்டக் கூட்டிப் போகிறேன். பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கூப்பிட்டால் டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.