இரட்டைக் குடியுரிமைக் குழந்தைகளும் காலாவதியாகும் பாஸ்போர்ட்டும்

கேள்வி: எங்கள் இரு குழந்தைகளும் நாங்கள் வசிக்கும் நாட்டில் பிறந்து அந்நாட்டின் குடியுரிமை பெற்றவர்கள், தந்தை வழியில் அவருடைய நாட்டின் குடியுரிமையும் அவர்களுக்கு உண்டு. விடுமுறையில் தந்தையின் நாட்டுக்குச் சென்றுவிட்டு, திரும்பும் வழியில் மூன்றாவது நாடு ஒன்றில் சில நாட்கள் தங்க எண்ணியிருக்கிறோம். எட்டு வயது மூத்த மகளின் பாஸ்போர்ட்டுகளில், நாங்கள் வசிக்கும் நாடு வழங்கியது, பயணம் முடிந்த இரண்டு மாதங்களில் காலாவதியாகிறது. மற்றொன்றுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வரலாமா?

பதில்: அந்த ஒன்றை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். போகும்போது சிக்கல் எழாமல் இருக்கலாம். வீடு திரும்பும்போதுதான் தடை வரும். பல நாடுகள் தம் குடிமக்களை வெளிநாட்டவராகக் கருதி விசாவோ மின்னணுப் பயண அனுமதியோ வழங்குவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்கள், குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் வேண்டும். கனடாவின் குடியுரிமையும் உள்ளவர்கள் அந்நாட்டுக்கு விமானம் ஏறக் கனடியப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் கனடியர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பிரிட்டனும் 2026 பிப்ரவரி 25 முதல் இதைக் கண்டிப்பாக்கியிருக்கிறது: செல்லுபடியாகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ, வசிப்புரிமைச் சான்றோ இல்லாத இரட்டைக் குடியுரிமையாளர், விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே தடுக்கப்படலாம். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும் என்பதால், அங்குள்ள ஊழியரிடம் கெஞ்சிப் பயன் இருக்காது.

இனி, இரண்டு மாதம் மட்டுமே மிஞ்சும் பாஸ்போர்ட்டைப் பற்றி. 'ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்' என்ற விதியைப் பல பெற்றோர் எல்லா இடத்துக்கும் பொதுவானதாக நினைத்துப் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் ஒரு நாடு வெளிநாட்டவரிடம் கேட்பது. எல்லா நாடுகளும் கேட்பதுமில்லை. ஷெங்கன் நாடுகள் (தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்), ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத பயணியின் பாஸ்போர்ட், அவர் அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்றும், கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடிமகனுக்கோ, வந்து சேரும் நாளில் பாஸ்போர்ட் உயிரோடு இருந்தால் பொதுவாகப் போதும். ஆகவே உங்கள் மகள் இரண்டையும் கையில் வைத்திருந்தால், தந்தையின் நாட்டுக்குள் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டிலும், மூன்றாவது நாட்டில் நீண்ட காலம் மிஞ்சியிருக்கும் அதே பாஸ்போர்ட்டிலும், வீட்டுக்கு மற்றதிலும் சென்றுவர விதிகள் பெரும்பாலும் இடம் தரும். ஒரு நாட்டுக்குள் எதைக் காட்டி நுழைந்தாளோ அதையே காட்டி அங்கிருந்து வெளியேற வேண்டும். மூன்றாவது நாட்டுக்கு விசா தேவையானால், காட்டப்போகும் பாஸ்போர்ட்டின் எண்ணிலேயே அதைப் பெறுங்கள். ஒவ்வொரு செக்-இன்னின் போதும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. போகுமிடத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் ஊழியர் பார்ப்பார்.

ஆனாலும், நாள் இருக்கிறது என்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணம் தள்ளிப்போனாலோ, குடும்ப நெருக்கடியால் அங்கேயே தங்க நேர்ந்தாலோ அந்த இரண்டு மாதம் கரைந்துவிடும். அதன்பின் தந்தையின் நாட்டிலுள்ள உங்கள் நாட்டுத் தூதரகத்தில்தான் புது ஆவணம் கேட்க வேண்டும். அங்கே மகளைத் தந்தையின் நாடு தன் குடிமகளாகவே நடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம்: ஒருவர் தனது இன்னொரு குடியுரிமை நாட்டில் இருக்கும்போது, அந்நாட்டுக்கு எதிராக அவருக்குத் தூதரகப் பாதுகாப்புத் தர இயலாது என்று 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் ஒப்படைக்க நேரிடும். எனவே புறப்படும் நாளுக்குள் புதியது கைக்கு வருமா என்று கேட்டறிந்த பிறகே கொடுங்கள்.

குழந்தைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது பெரியவர்களுடையதைப் போல எளிதன்று. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், 16 வயதுக்குட்பட்டவரின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 ஆண்டுகள்தான். அதை அஞ்சலில் புதுப்பிக்க முடியாது. குழந்தையும் பெற்றோர் இருவரும் நேரில் செல்ல வேண்டும், வர இயலாதவர் நோட்டரி சான்றுடன் எழுத்துப்பூர்வச் சம்மதம் அனுப்ப வேண்டும். இளையவரின் காலாவதித் தேதிகளையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கணவர் உடன் வராமல் நான் மட்டும் குழந்தைகளை அழைத்துச் சென்றால்?

பதில்: அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை, முடிந்தால் நோட்டரி சான்றுடன், எடுத்துச் செல்லுங்கள். பெற்றோர் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திச் செல்வதைத் தடுக்க 1980இல் ஹேக் நகரில் தனி உடன்படிக்கையே உருவானது. குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பது அந்த அக்கறையில்தான். பயண நாட்கள், போகும் நாடுகள், கணவரின் தொலைபேசி எண் ஆகியவை கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் பெயருக்கும் குழந்தைகளின் பெயருக்கும் தொடர்பு தெரியாவிட்டால் பிறப்புச் சான்றிதழையும், இரு பாஸ்போர்ட்டுகளில் குழந்தையின் பெயர் வேறுவேறாக எழுதப்பட்டிருந்தால் அந்த வேறுபாட்டை விளக்கும் ஆவணத்தையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.